'1984' நாவல் தரும் மனச்சோர்விலிருந்து மீள்வது எப்படி?

கேள்வி:
மக்களை ஓயாமல் கண்காணிக்கும் கொடுங்கோல் ஆட்சியைப் பற்றிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை முடித்ததிலிருந்து மனம் கனத்துக் கிடக்கிறது. 101ஆம் எண் சித்திரவதை அறையில் எலிக்கூண்டு முகத்தருகே வரும்போது, தன் தண்டனையைக் காதலி ஜூலியாவுக்குக் கொடுக்கச் சொல்லி நாயகன் வின்ஸ்டன் கதறுவதும், பின்னர் பூங்காவில் சந்திக்கும் இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததை மரத்துப்போன குரலில் ஒப்புக்கொள்வதும் என்னை உறங்கவிடவில்லை. இத்தகைய நூல்களிலிருந்து நீங்கள் எவ்வாறு மீள்கிறீர்கள்?

மறுமொழி 1:
சித்திரவதையைவிட அந்தப் பூங்காச் சந்திப்பே கொடியது. ஆனால், பலர் படிக்காமல் விட்டுவிடும் பின்னிணைப்பைத் தயவுசெய்து படியுங்கள். நியூஸ்பீக் (மக்களின் சிந்தனையைக் குறுக்க அந்த ஆட்சி உருவாக்கும் மொழி) பற்றிய அந்தக் கட்டுரை இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருப்பதால், அந்த ஆட்சி என்றோ வீழ்ந்துவிட்டது என்று கொள்ள இடமுண்டு. அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று அதை நீக்கச் சொன்னபோது ஆர்வெல் இணங்கவில்லை.

மறுமொழி 2:
அந்த வாசிப்பு எனக்கு ஆறுதல் தரவில்லை. ஆட்சி வீழ்ந்திருந்தாலும் வின்ஸ்டன் மீளப்போவதில்லை. காசநோயால் நலிந்திருந்த ஆர்வெல், ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் இதை எழுதி முடித்து, நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1950 ஜனவரியில், காலமானார் என்பதை அறிந்த பிறகு, அந்த இருளை ஓர் எச்சரிக்கையாக ஏற்க முடிந்தது. மூன்றாம் பகுதியை இரவில் படிக்காதீர்கள். படித்த நண்பர் ஒருவரோடு மனம்விட்டுப் பேசுங்கள்.