ஓபரா மேடையில் எந்த ஜார் (ரஷ்யப் பேரரசர்) வரலாம், யார் வரக்கூடாது?

கேள்வி:
சாய்கோவ்ஸ்கியின் 'ஸ்பேட் ராணி'யில் (1890) நடன விருந்துக் காட்சியின் கடைசியில் பேரரசி கேத்தரின் வரப்போகிறார் என்று கூட்டமே பரபரக்கிறது, கோரஸ் வாழ்த்துப் பாடுகிறது. அவர் காலெடுத்து வைக்கும் முன் திரை விழுந்துவிடுகிறது. முஸோர்க்ஸ்கியின் 'போரிஸ் கோதுனோவ்' ஓபராவில் மட்டும் ஜார் முடிசூடுவதும் சாவதும் மேடையிலேயே நடக்கிறதே? இது நாடக உத்தியா, தணிக்கையா?

பதில் 1:
தணிக்கைதான். 1613இல் அரியணை ஏறிய ரொமானோவ் வம்சத்து ஆட்சியாளர்களை மேடையில் காட்டவே கூடாது. அவர்களுக்கு முந்தைய ஜார்கள் நாடகத்தில் வரலாம், ஓபராவில் பாடக்கூடாது. இது முதலாம் நிக்கோலஸ் 1837இல் இட்ட ஆணை. ஜார் திடீரென்று ஒரு தெருப்பாட்டை எடுத்துவிட்டால் மரியாதை என்னாவது என்பதுதான் கடற்படை அதிகாரியாகவும் இருந்த இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவிடம் அதிகாரிகள் சொன்ன காரணம்! அவருடைய 'பிஸ்கோவ் பெண்' (1873) ஓபராவில் கொடுங்கோலன் இவான் பாடுகிறான். கடற்படை அமைச்சர் வரை போய்த்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. கோதுனோவும் ரொமானோவுக்கு முந்தையவர், அதனால் இவானைப் போல அவருக்கும் விலக்குக் கிடைத்தது. முஸோர்க்ஸ்கியின் 'ஹோவான்ஷினா'வைக் கவனியுங்கள்: கதையை நகர்த்துவதே ரொமானோவ் வம்சத்து இளம் ஜார் பீட்டர்தான், ஆனால் நமக்குக் கேட்பது அவருடைய படையின் அணிவகுப்பு இசை மட்டும்.

பதில் 2:
நாடகத்தில் வரலாம் என்பதும் ஏட்டளவில்தான். அலெக்ஸேய் டால்ஸ்டாயின் 'ஜார் ஃபியோதர்' 1868இல் எழுதப்பட்டது. ஃபியோதர் ரொமானோவ் வம்சத்தவர் அல்ல. ஆனாலும் ஜாரை இவ்வளவு பலவீனமானவராகக் காட்டியதைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. தடை நீங்கி, மாஸ்கோ கலை அரங்கம் 1898இல் அதைக் கொண்டுதான் திறப்பு விழா கண்டது.

கேட்டவர்:
1869இல் முஸோர்க்ஸ்கி எழுதிய முதல் 'போரிஸ்' நிராகரிக்கப்பட்டதும் இதனால்தானா? எந்த வடிவத்தைக் கேட்பது?

பதில் 3:
இல்லை, பலரும் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். பெண் குரலுக்குப் பெரிய பாத்திரம் இல்லை என்றுதான் அரங்க நிர்வாகம் திருப்பி அனுப்பியது. அதனால் போலந்துப் பிரபுவின் மகள் மரீனாவோடு போலந்து அங்கம் சேர்ந்தது. 1874இல் மேடையேறியது அந்தத் திருத்திய வடிவம்.

பதிவு வாங்குமுன் காட்சிப் பட்டியலைப் பாருங்கள். ஏழே காட்சி, போலந்து இல்லை என்றால் 1869. போரிஸின் சாவோடு முடியும், ஆனால் போலந்தும் இருக்கும் என்றால் பெரும்பாலும் ரிம்ஸ்கியின் திருத்தம். கடைசி இரு காட்சிகளையும் இடம் மாற்றி, வாத்திய அமைப்பையும் மெருகேற்றியவர் அவர். முஸோர்க்ஸ்கியே திருத்திய 1872 வடிவம் குரோமி காட்டுக் கலகத்தில் முடியும்.

சில அரங்குகள் புனித பசீல் தேவாலயக் காட்சியையும் குரோமியையும் சேர்த்தே போடுகின்றன. அங்கேதான் சிக்கல். பசீல் காட்சியை நீக்கியபோது, சிறுவர்கள் 'புனிதப் பித்தன்' என்ற பாத்திரத்தின் காசைப் பறிக்கும் பகுதியையும் அவன் புலம்பலையும் முஸோர்க்ஸ்கி குரோமிக்கு நகர்த்தியிருந்தார். இரண்டையும் போட்டால் ஒரே காசு இருமுறை திருடுபோகும். ஆனால் பசீல் காட்சியை விட மனம் வராது: ஏரோது ராஜாவுக்காக (விவிலியத்தில் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அரசன்) ஜெபிக்க முடியாது என்று பித்தன் ஜாரின் முகத்துக்கு நேரே சொல்வது அங்கே மட்டும்தான். என் தேர்வு 1869.