மறு: ‘குளிர்ந்த கட்டி’ வேண்டாம், ‘மருந்து கேளாக் கட்டி’ சரிவருமா?

> ஆங்கிலத்தில் சூடான கட்டி, குளிர்ந்த கட்டி என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன தம்பி?

ஐயா, வணக்கம்.

எடுத்துக்கொள்ளலாம். நோயெதிர்ப்பு அணுக்கள் நிறைந்த புற்றுக்கட்டி சூடானது, அவை உள்ளே இல்லாதது குளிர்ந்தது என்பது அங்கே பொருள். ஆனால் உடம்பின் நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றை அழிக்கும் நோயெதிர்ப்புச் சிகிச்சை பற்றிய இந்தத் துண்டறிக்கை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிகளுக்குச் சூட்டுக்கட்டி என்றால் வெயிலில் வருவது, தானாகப் பழுத்து உடைவது. சூட்டுக்கு இளநீர், குளிர்ச்சிக்கு மிளகு ரசம். அவர்களிடம் போய் ‘உங்கள் கட்டி குளிர்ந்து கிடக்கிறது, சூடாக்கப் போகிறோம்’ என்றால் அன்றைக்கே இளநீரை நிறுத்திவிடுவார்கள். பக்கத்துச் சீனர் கடையிலும் அதையேதான் சொல்வார்கள். மலாயில் பானாஸ், செஜுக் என்னும் இந்தச் சூடு, குளிர்ச்சி எல்லாம் இங்கே மூன்று இனத்துக்கும் பொது.

மருந்துக்கு மசியாததைக் குறிக்க ‘எதிர்ப்பு’ என்று போடுவது இன்னும் மோசம். ‘நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு எதிர்ப்புக் காட்டும் கட்டி’ என்று எழுதிப் பாருங்கள். யார் யாரை எதிர்க்கிறார்கள்?

நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். புற்றணுவைக் கொல்வதில் முன்னிற்பவை டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள். அவை நம் உடம்பையே தாக்கிவிடாதபடி சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற தடைகள் அவற்றில் உண்டு. புற்றணு பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, பிடி-1 தடையைத் தனக்குச் சாதகமாக்கித் தப்பிக்கிறது. இந்தத் தடைகளை நீக்கும் வழியைக் கண்டதற்குத்தான் அலிசனும் ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பெற்றார்கள். இவ்வகையில் முதல் மருந்தான இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மெலனோமா என்ற தோல் புற்றுக்கு.

ஆனால் கட்டிக்குள் டி அணுவே இல்லாவிட்டால் தடையை நீக்கி என்ன பயன்? கணையப் புற்றில் பெரும்பாலும் இந்த நிலைதான். சில கட்டிகளில் டி அணுக்கள் வந்தும் உள்ளே புக முடியாமல் ஓரத்திலேயே நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் மருந்து முதலில் நன்றாக வேலை செய்யும். பிறகு, தன் அடையாளத்தை வெளியே காட்டத் தேவையான பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைப் புற்றணு இழந்துவிடும்; டி அணு அருகில் இருந்தும் ஆள் தெரியாது. இந்த மூன்றாவதைக் ‘குளிர்ந்த’ என்று சொல்லவே முடியாது.

நம் ஊரில் ‘மருந்து கேக்குது’, ‘எந்த மருந்துக்கும் கேக்கல’ என்கிறோமே, அது எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. எனவே மருந்து கேளாக் கட்டி. தொடக்கத்திலேயே கேளாதது முதற்கேளாமை, கேட்டுவந்து நின்றுபோனது பிற்கேளாமை. கேட்கவைக்கும் வழிகளுக்குக் கேட்பூட்டல் என்று வைத்தேன். கதிர்வீச்சு, இரண்டு தடைநீக்கிகளைச் சேர்த்துக் கொடுப்பது, கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடும் மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸ் எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த வைரஸ் மருந்து 2015இலேயே மெலனோமாவுக்கு அனுமதி பெற்றதுதான். ஆனாலும் அதை, பிடி-1 தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தோடு சேர்த்துப் பார்த்த பெரிய மெலனோமா ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்ததைவிட நோயாளிகள் கூடுதல் காலம் வாழவில்லை. அதனால் துண்டறிக்கையில் ‘கேட்பூட்டும் முயற்சி’ என்றே எழுதுவோம். ஈப்போவுக்குச் சிகிச்சைக்குப் போய் வருகிறவர்களுக்கு இல்லாத உறுதியைக் கொடுக்க வேண்டாம்.

---

தம்பி,

சூட்டுக்கட்டி எனக்குத் தோன்றவே இல்லை. குளிர்ந்த கட்டியை விட்டுவிடுகிறேன்.

‘மருந்து’ என்ற சொல்லை எங்கேயும் வெட்டாதீர்கள். வெறுமனே ‘கேளாக் கட்டி’ என்றால் செவி கேளாதோர் நினைவுதான் வரும், காதில் வந்த கட்டியா என்பார்கள். ‘கேட்பூட்டல்’ நம் சொற்பட்டியலில் இருக்கட்டும். துண்டறிக்கையில் ‘மருந்து கேட்கவைக்கும் முயற்சி’ என்று விரித்தே போடுங்கள், பாட்டிக்குப் பேரன் வாசித்துக் காட்டும்போது நாக்கு இடறக் கூடாது.

டி அணுவா, டி செல்லா? ஆஸ்பத்திரியில் தாதியர் ‘செல்’ என்றுதான் சொல்கிறார்கள். என் ஓட்டு செல்லுக்கு. மற்றவர்களும் சொல்லட்டும்.