நித்தியகல்யாணி இலையில் வின்பிளாஸ்டின் உருவாவது எப்படி?

கேள்வி: புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின், கேத்தரந்தின், விண்டோலின் என்னும் இரு பாதிகள் இணைந்து உருவாவதாகப் படித்தேன். அவ்விரண்டையும் செடி தனித்தனி வழிகளிலா தயாரிக்கிறது?

பதில் 1: இல்லை, நெடுந்தூரம் ஒரே வழிதான். டிரிப்டமின், செகோலோகானின் என்னும் இரு சேர்மங்களை ஒரு நொதி (வேதிவினையை நடத்தும் புரதம்) இணைத்து ஸ்ட்ரிக்டோசிடின் என்னும் சேர்மத்தை ஆக்குகிறது. அதிலிருந்து பல படிகள் கடந்து, நிலையற்ற ஓர் இடைப்பொருள் பிறக்கிறது. வியப்பு இங்கேதான் இருக்கிறது: அதே மூலக்கூறை ஒரு நொதி ஒருவிதமாக மடித்து வளையமாக்கினால் கேத்தரந்தின் கிடைக்கிறது, அதற்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு நொதி வேறுவிதமாக மடித்தால் டாபர்சோனின் கிடைத்து, அதுவே பின்னர் விண்டோலினாக மாறுகிறது. நீரைக் கொண்டு மூலக்கூறுகளை உடைக்கும் நீராற்பகுப்பு நொதிகளின் குடும்பத்தில் பிறந்தும் வளையம் கட்டும் வேலைக்கு வந்துவிட்ட இவ்விரண்டின் பணியும் 2018-இல்தான் தெளிவானது.

பதில் 2: ஆயினும் இலையில் மருந்தின் அளவு மிகச் சொற்பமே. கேத்தரந்தின் இலையின் மேற்பரப்பிலுள்ள மெழுகுப் படலத்தில் போய்ச் சேர்கிறது. விண்டோலினோ உள்ளே உள்ள செல்களில் தங்கிவிடுகிறது. இரண்டும் சந்திப்பதே அரிது. (பூச்சி கடிக்கும்போது சந்திக்கக்கூடும் என்பது என் ஊகம்.)

கேள்வி கேட்டவர்: அப்படியானால் செடியை நம்பியே இருக்க வேண்டுமா?

பதில் 1: வேண்டியதில்லை. 2022-இல் மரபணு மாற்றிய ஈஸ்டில் இரு பாதிகளையும் உருவாக்கி, பிறகு வேதிமுறையில் இணைத்துவிட்டார்கள்.