ஆராதனை முடிந்த பிறகும் தேவனை உணர்வது எப்படி?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சிறுவயதிலிருந்தே சபைக்குப் போகிறேன், ஞாயிறு ஆராதனை, உபவாசம், லெந்து நாட்கள் எதையும் விட்டதில்லை, ஆனால் வாசலைத் தாண்டினதும் தேவன் உள்ளேயே தங்கிவிட்ட மாதிரி ஒரு உணர்வு. திங்கள் முதல் சனி வரை நான் வேறு ஆள்.

யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்து, கர்த்தர் இங்கே இருக்கிறார், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்கிறான் (ஆதியாகமம் 28:16). அது ஆலயமே இல்லை, வெறும் வழி. எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீஷர்கள் உயிர்த்தெழுந்த இயேசுவோடு பேசிக்கொண்டே நடந்தும், அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் அடையாளம் கண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸுக்கு, ஜெபவேளையும் பாத்திரங்களின் சத்தமும் ஒன்றுதானாம். எனக்கோ பாத்திரம் கழுவும்போது எரிச்சல்தான் வருகிறது!

இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா சொன்னபடி இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கவும் செய்தேன். நன்றி சொல்லி ஆரம்பிக்க வேண்டியது, இரண்டே நாளில் என் தப்புகளின் பட்டியலாகிவிட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வேலை, பிள்ளைகள், அலைச்சல் நடுவே நீங்கள் அவரை எப்படிக் கண்டுகொள்கிறீர்கள்? அது என் கற்பனை இல்லை என்று எப்படித் தெரியும்? "இன்னும் ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், போன வாரம் உங்களுக்கு நடந்த ஒன்றையாவது எழுதுங்கள், ப்ளீஸ்.