மலைப்பூவைப் பறித்துத்தான் படிக்க வேண்டுமா?

வால்பாறைக்காரி:
தாவரவியல் மாணவர்கள் ஆளுக்கு இத்தனை செடி காயவைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்று மலைக்கு அனுப்புவதை இனியாவது நிறுத்துங்கள். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, மடிந்துபோகும் செடி. பூங்கொத்தைக் கிள்ளினால் விதையும் போயிற்று. 2018இல் மூணாறுப் பக்கம் பூத்தபோது கை நிறையப் பறித்துக்கொண்டு இறங்கியவர்களைப் பார்த்து வயிறு எரிந்தது. படம் எடுத்தால் போதாதா?

லாலி ரோடு:
போதாது அக்கா. ஆனைமலையின் காசித்தும்பை இனங்களைப் பிரித்தறிய, பூவின் பின்னால் நீளும் வால் எப்படி வளைகிறது, இதழ் எங்கே பிளக்கிறது, காயில் மயிர் உண்டா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். படத்தைப் பிரித்து உள்ளே பார்க்க முடியுமா? கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தை, அதாவது காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகத்தை, ஒருமுறை பாருங்கள். ஆனைமலைத் தாவரங்களைப் பற்றி தாவரவியலாளர் ஃபிஷர் 1921இல் வெளியிட்ட ஆய்வைச் சரிபார்க்க, அந்தக் காலத்துச் செடிகள் கையில் இருந்தால்தானே முடியும்? காய்ந்த இலையிலிருந்து இன்று மரபணுவும் எடுக்கிறார்கள்.

வால்பாறைக்காரி:
ஃபிஷரையும் மதிப்பெண்ணுக்காகப் பறிக்கும் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் தம்பி. அந்தப் பிள்ளைகள் ஒட்டிய தாள்கள் தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்:
அந்தத் தாள்களை நான் திருத்தக் கொடுத்திருக்கிறேன், அம்மணி சொல்வது உண்மை. எடுத்த இடம், உயரம், நாள், எடுத்தவர் பெயர், எண் ஆகியவை எழுதாத தாள் எதற்கும் உதவாது. பூவின் நிறம் காய்ந்தால் மங்கிவிடும், அதனால் பறித்த இடத்திலேயே குறிக்க வேண்டும். காசித்தும்பையை அப்படியே அழுத்தினால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாடுவதற்குள் பிரித்துப் பரப்ப வேண்டும், ஓரிரு பூக்களை ஸ்பிரிட்டில் போட்டு வைக்க வேண்டும். மழைக்காலத்தில் செய்தித்தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இவ்வளவும் பழகாதவன் கையில் மலைச்செடியைக் கொடுப்பது பாவம்.

லாலி ரோடு:
பழகாமல் எப்படி வரும் ஐயா?

வால்பாறைக்காரி:
சூலூர்த் தரிசில் தும்பை, துத்தி, ஆவாரை இல்லையா? பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கினால் தோட்டக்காரர் நன்றி சொல்வார். அதில் பழகட்டும்.

லாலி ரோடு:
இளங்கலைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆராய்ச்சி மாணவரைத் தடுக்கக் கூடாது. அவர் வேரைத் தொடாமல், கூட்டமாக வளர்ந்த இடத்தில் ஒரு கிளை எடுத்தால் செடிக் கூட்டத்துக்குக் கேடில்லை. எங்கள் மலைகளில் எந்தச் செடி முன்பிருந்த இடத்தைவிட எவ்வளவு உயரத்துக்கு ஏறிவிட்டது என்று நாளை கேட்பவருக்கு அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

வால்பாறைக்காரி:
அனுமதிக் கடிதம் இருந்தால் எடுக்கட்டும். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் செடியை எடுப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குறிஞ்சி என்றால் விதை உதிரும்வரை காத்திருந்து எடுக்கட்டும்.

லாலி ரோடு:
விதை உதிர்ந்த பின் பூ ஏது அக்கா? பூவும் காயும் ஒரே தாளில் இருந்தால்தான் இனம் உறுதியாகும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.