“அரிது”, “டெஸ்ட் செய்யவில்லை”, “எச்.ஓ/ஓ.ஓ”: ஏலத்தில் வரும் ஹார்ன்பி டப்ளோ இஞ்சின்களை எப்படி நம்புவது?

கேள்வி: நடுமேடை
வணக்கம். ஹார்ன்பி டப்ளோ என்ற பழைய பிரிட்டிஷ் மாதிரி ரயில்களைத் தேடுகிறேன். இபே-யின் இங்கிலாந்து ஏலத் தளத்தில் ஒரே விற்பனையாளரின் மூன்று பொருட்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். விவரணை அப்படியே (எச்.ஓ, ஓ.ஓ என்பவை மாதிரி ரயிலின் அளவு வகைகள்):

1. “மிக அரிது! 1950களின் ஹார்ன்பி டப்ளோ ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன், எச்.ஓ அளவு, டெஸ்ட் செய்யவில்லை.” 145 பவுண்டு.
2. “போருக்கு முந்தைய டப்ளோ 0-6-2 டாங்க் இஞ்சின், எண் 69567. 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது.” 90 பவுண்டு.
3. “மார்க் 1 கோச் நான்கு, ஹார்ன்பி, எச்.ஓ/ஓ.ஓ.” 60 பவுண்டு.

என்னிடம் இருப்பது சாதாரண இரண்டு தண்டவாளப் பாதை, 12 வோல்ட் டி.சி. எதை வாங்கலாம், விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1: சைடிங்வாசி
முதலாவதை விட்டுவிடுங்கள். 1950களில் டப்ளோ, புகழ்பெற்ற நீராவி இஞ்சினான ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனைச் செய்யவே இல்லை. டப்ளோவை 1938-ல் லிவர்பூலில் மெக்கானோ என்ற பொம்மை நிறுவனம் தொடங்கியது. 1964-ல் டிரை-ஆங் என்ற போட்டி ரயில் பிராண்டை வைத்திருந்த லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் அதற்குப் பிறகு, 1968-ல், டிரை-ஆங் ஹார்ன்பி ஆர்855 என்று வந்தது. உடல் பிளாஸ்டிக். ஏராளமாக விற்றது, இன்றும் எப்போது தேடினாலும் சில கிடக்கும். “அரிது” என்பதற்கு அங்கே இடமே இல்லை.

இரண்டாவதில் எண்ணே காட்டிக்கொடுக்கிறது. 1948 ஜனவரி 1-ல் ரயில்வே தேசியமயமான பிறகுதான் எல்.என்.இ.ஆர் என்ற பழைய ரயில் நிறுவனத்தின் இஞ்சின்களின் எண்ணோடு 60000 கூட்டினார்கள். 69567 என்று எழுதியிருந்தால் அது போருக்கு முந்தையதாக இருக்க வழியில்லை. இஞ்சின் நல்ல இஞ்சின்தான், ஆனால் டப்ளோவில் அதிகம் கிடைக்கும் வகைகளில் ஒன்று.

விலைக்கு, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். தேடலில் “விற்றவை” வடிகட்டியைப் போடுங்கள். விலையின் மேல் கோடு போட்டிருந்தால் பேரம் பேசி முடிந்த விற்பனை, உண்மையில் கொடுத்தது அதைவிடக் குறைவு. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பதில் 2: மூணாவது கம்பி
69567 வாங்குவதற்கு முன் ஒரே ஒரு படம் கேளுங்கள்: இஞ்சினைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கம், நல்ல வெளிச்சத்தில். டப்ளோ 1959-ல்தான் இரண்டு தண்டவாள முறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மின்சார இஞ்சின்கள் எல்லாம் மூன்று தண்டவாளம், அதாவது நடுவில் உள்ள மூன்றாவது தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுப்பவை. அடியில் நடுக்கோட்டில் ஸ்பிரிங்கோடு தொங்கும் உலோகத் தகடு தெரிந்தால் அது மூன்று தண்டவாள இஞ்சின். அதன் சக்கரமும் அச்சும் முழுக்க உலோகம், இடையில் இன்சுலேஷன் கிடையாது. உங்கள் பாதையில் வைத்த நொடியே இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்துவிடும். மாற்ற வேண்டுமென்றால் சக்கரம், கரண்ட் எடுக்கும் அமைப்பு இரண்டையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு இரண்டு தண்டவாள இஞ்சினையே தேடலாம்.

விற்பவரிடம் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்ய ஓம் காட்டினால் மூன்று தண்டவாளம். நடுத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், வயர் விட்டிருக்கலாம், கம்யூட்டேட்டரில் (மோட்டாரில் பிரஷ் உரசும் செப்புப் பகுதி) அழுக்கு இருக்கலாம்.

பேட்டரியில் ஓடுகிறது என்பதை நான் பரிசோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. மோட்டார் சுற்றுகிறது என்பது மட்டுமே தெரியும். பழைய இஞ்சினில் காந்தம் வலுவிழந்தால் சுமையில்லாமல் வேகமாகவே சுற்றும், ஆனால் கரண்ட் அதிகம் குடிக்கும், சூடாகும், மூன்று கோச்சைக் கட்டினால் நின்றுவிடும். யாராவது முன்பு மோட்டாரைப் பிரித்து, இரும்புத் துண்டு ஒட்டி வைக்காமல் காந்தத்தை வெளியே எடுத்திருந்தால் இது நடக்கும். திரும்ப காந்தமேற்றலாம், அதற்குத் தனிக் கருவி வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது: தண்டவாளத்தின் மேல், 12 வோல்ட் கண்ட்ரோலரில், முன்னும் பின்னும், சுமையோடு, ஒரு நிமிட வீடியோ.

பதில் 3: ஸ்கேல்காரர்
கோச் பற்றி யாரும் சொல்லவில்லை. “எச்.ஓ/ஓ.ஓ” என்று எழுதுவதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பழைய அட்டைப்பெட்டிகளிலேயே அப்படி அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ பாதையில். ஆனால் ஓ.ஓ என்றால் 1:76, எச்.ஓ என்றால் 1:87. லிமா என்ற இத்தாலிய நிறுவனம் பிரிட்டிஷ் வண்டிகளை முதலில் எச்.ஓ-வில் செய்து, பிறகுதான் ஓ.ஓ-வுக்கு மாறியது. அந்த லிமா கோச்சுகள் ஹார்ன்பி என்ற பெயரில் ஏலத்துக்கு வருவது சகஜம்.

அளவு கேளுங்கள். மார்க் 1 என்பது பிரிட்டிஷ் ரயில்வேயின் பயணிகள் பெட்டி வகை, அதில் பெரும்பாலான நிஜ கோச்சுகளின் உடல் 64 அடி 6 அங்குலம். ஓ.ஓ-வில் அடிக்கு 4 மி.மீ, ஆக 258 மி.மீ. எச்.ஓ-வில் அடிக்கு 3.5 மி.மீ, சுமார் 226 மி.மீ. நீளம் மட்டும் போதாது, பழைய டிரை-ஆங் கோச்சுகள் நீளத்தைக் குறைத்துச் செய்தவை. அகலத்தையும் கேளுங்கள்: 9 அடி அகலம் ஓ.ஓ-வில் 36 மி.மீ, எச்.ஓ-வில் 31.5. ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் முடிந்தது.

நடுமேடை
நன்றி. டாங்க் இஞ்சினின் அடிப்பக்கப் படம் வந்துவிட்டது, நடுவில் தகடு இருக்கிறது. அதை விட்டேன். கோச் அகலம் 36 என்கிறார். பொருள் மாறி வந்தால் என்ன செய்வது? “திருப்பி எடுக்க மாட்டோம்” என்று போட்டிருக்கிறார்.

மூணாவது கம்பி
அப்படிப் போட்டிருந்தாலும், விவரணைக்கு மாறாக வந்தால் இபே-யில் பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் “டெஸ்ட் செய்யவில்லை” என்று எழுதியதை வாங்கிவிட்டு ஓடவில்லை என்று சொன்னால் நிற்காமல் போகலாம். அதனால் 36 மி.மீ என்ற பதிலைத் தளத்தின் மெசேஜிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம். நான்கு கோச்சின் கப்ளிங்கும் (கோச்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் கொக்கி) ஒரே வகைதானா என்றும் அதே மெசேஜில் கேட்டுவிடுங்கள்.