அத்தைக்குச் சளி பிடிக்க வைத்த ஸ்பீக்கர்

தர்மபுரியிலிருந்து:

வீட்டிலேயே செய்த புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரை எப்படிச் சோதித்தீர்கள், எங்கே சறுக்கினீர்கள் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். என்னுடையது கொஞ்சம் மானம் போகிற கதைதான்.

கீழ்ச் சத்தத்துக்கு ஆறரை இஞ்ச் பேப்பர் கோன் ஊஃபர், மேல் சத்தத்துக்கு ஒரு இஞ்ச் சில்க் டோம் ட்வீட்டர், 18 மில்லி எம்டிஎஃப் பலகையில் 14 லிட்டர் பெட்டி, பின்பக்கம் காற்றுப் போக போர்ட் என்கிற குழாய். சாமான் எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன், நம்ம பக்கத்துக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட அதுதான் கிட்டம். பெட்டிக் கணக்கில் தப்பு இல்லை. ஊஃபரோடு வந்த தாளில் அதன் குணத்தைச் சொல்லும் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்ற மூன்று எண்களையும் போட்டால் எத்தனை லிட்டர், போர்ட் எத்தனை நீளம் என்று வந்துவிடும். 1961ல் ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் போட்டு வைத்த கணக்கு, எழுபதுகளில் ஸ்மால் அதை விரித்து எழுதினார், அந்தப் புண்ணியத்தில் நம்மைப் போன்றவர்களும் பேஸ் விஷயத்தில் தப்பிக்கிறோம். நான் கோட்டை விட்டது கிராஸ்ஓவரில், அதாவது சத்தத்தைக் கீழ், மேல் என்று பிரித்து ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்புகிற போர்டில். கடையில் ரெடிமேடாகத் தொங்கிய '8 ஓம் டூ வே' போர்டை வாங்கி அப்படியே மாட்டிவிட்டேன்.

முதல் வாரம் காக்கைக்கும் தன் குஞ்சு கதை. ரெண்டாவது வாரம் அரை மணி நேரம் கேட்டாலே காது சலித்தது. எது சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை. விலை கூடின கண்டன்சர் போடு என்றார் ஒருவர், வயரை மாற்று என்றார் இன்னொருவர். ரெண்டையும் செய்தேன். பணம் போனதுதான் மிச்சம்.

அப்புறம் பிபிசிக்காரர்கள் எழுபதுகளில் செய்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர் பற்றிப் படித்தேன். வெளியே போய் ஒலிபரப்புகிற வேனுக்குள் வைத்துக் கேட்க, 5 லிட்டர் அளவுக்குச் சின்னப் பெட்டி. அந்த ஆட்கள் ஸ்பீக்கரைச் சோதிக்கப் பாட்டைவிடப் பேச்சுக்குரலைப் பெரிதாக நம்பினார்கள். சரி, காசா பணமா, பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

புளி சீசன். வாசலில் அத்தை உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டே, கிலோவுக்கு என்ன கூலி, யார் எவ்வளவு ஏமாற்றினார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். போனை மூன்றடி தள்ளி வைத்துப் பத்து நிமிடம் ரெக்கார்ட் பண்ணினேன். திறந்த வாசல் என்பது நல்லதாகப் போயிற்று, அறையின் எதிரொலி அதில் ஏறவில்லை. உள்ளே வந்து ஒரே ஒரு ஸ்பீக்கரில், அவர் பேசுகிற சத்த அளவிலேயே போட்டேன். அத்தை வந்து கேட்டுவிட்டு "இது நானில்ல சாமி" என்றார். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நம் குரலில் பாதி நமக்கு எலும்பு வழியாக அல்லவா கேட்கிறது. ஆனால் பக்கத்து அறையில் படுத்திருந்த மாமா கத்தினார்: "ஏம்மா, சளி புடிச்சுக்கிச்சா? மிளகு கஷாயம் வெச்சுக் குடி!" அத்தை என் பக்கத்தில் கையெல்லாம் புளியோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வருடம் அந்தக் குரலைக் கேட்ட மனிதர் சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்கு ராத்திரியே மாடி ஏறினேன். நண்பரிடம் இரவல் வாங்கிய, அளவெடுக்கும் யுஎஸ்பி மைக், லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற சாஃப்ட்வேர். ஸ்பீக்கர் 1.2 மீட்டர் உயரத்தில், மைக் அதே உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி. தரையில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம் 2.6 மீட்டர் சுற்றி வர வேண்டும், அதாவது நேராக வருவதைவிட 4.6 மில்லிசெகண்ட் பிந்தி வரும். அதற்கு முன் வந்ததை மட்டும் வெட்டி எடுத்தால் தரை, சுவர் எதுவும் கலக்காமல் ஸ்பீக்கரின் சொந்த லட்சணம் தெரியும். என்ன, 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே திரையில் வரும் கிராஃப் கோட்டை நம்பக் கூடாது. கீழ்ச் சத்தத்துக்கு மைக்கைக் கோன் மேல் முட்டாத குறையாக வைத்துத் தனியாக எடுக்க வேண்டும். பைபாஸில் லாரி ஓயவே இல்லை, பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அளப்பதற்காகக் கீழிருந்து மேலே ஏறுகிற 'ஊஊய்ய்' சத்தத்தை ஆறாவது தடவை விட்டபோது எதிர்வீட்டுத் தாத்தா டார்ச் அடித்து "யாருப்பா அது, ஆந்தையா?" என்றார்.

கோட்டைப் பார்த்தால் மாமா சொன்னது அப்படியே இருக்கிறது. 300 ஹெர்ட்ஸ் பக்கம் தாழ்ந்து, 600ல் ஏறி, ஆயிரத்தைத் தாண்டி ஒரு மேடு. காரணம் பெட்டியின் அகலம். கீழ்ச் சத்தம் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போகும், மேல் சத்தம் முன்னால் மட்டும் வரும், வித்தியாசம் 6 டெசிபெல் வரை. மீட்டரில் உள்ள அகலத்தால் 115ஐ வகுத்தால் எந்த இடத்தில் இந்த மாற்றம் என்று தோராயமாக வரும். என் பெட்டி 21 செமீ, சுமார் 550 ஹெர்ட்ஸ். ரெடிமேட் போர்டுக்கு என் பெட்டியின் அகலம் எப்படித் தெரியும்? போதாததற்கு ஊஃபர் எல்லா இடத்திலும் 8 ஓமாகவே இருக்கும் என்று அது நினைக்கிறது. மேல் சத்தத்துக்குப் போகப் போக, கோனை அசைக்கிற வாய்ஸ் காயிலின் ஓம் ஏறிக்கொண்டே போவதால் ஊஃபர் அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமல் கத்துகிறது.

கிராஸ்ஓவரில் ஊஃபருக்குப் போகிற காயிலை 0.7லிருந்து 1.5 மில்லிஹென்றி ஆக்கினேன். கடையில் கிடைக்கவில்லை. போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனிடம் 19 கேஜ் எனாமல் கம்பி வாங்கி, பிவிசி பைப் துண்டில் அவரே சுற்றிக் கொடுத்தார். "எத்தன சுத்து?" என்றார், நான் "மீட்டர் சொல்ற வரைக்கும்ணா" என்றேன், ஒரு மாதிரிப் பார்த்தார். ஏறுகிற ஓமை ஈடு கட்ட ஊஃபருக்குக் குறுக்கே 6.8 ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் தொடராக. ட்வீட்டருக்கு 6.3 மைக்ரோஃபாரட் வேண்டியிருந்தது, இரண்டு 3.15 ஃபேன் கண்டன்சரை இணையாகப் போட்டேன். சிரிக்காதீர்கள், உள்ளே இருப்பது அதே பாலிப்ரோப்பிலீன்தான். ட்வீட்டரை அடக்கத் தொடரில் 3.3 ஓம் ரெசிஸ்டர், குறுக்கே 10 ஓம். முழு 6 டெசிபெலையும் ஈடு கட்டவில்லை, பெட்டி சுவர் ஓரம் அலமாரியில் நிற்பதால் சுவரே கொஞ்சம் கொடுக்கிறது, 3 போதும்.

இப்போது குரல் தேவலை. ஆனால் பேஸ் சில பாட்டில் 'தொம்' என்று நின்று அடிக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

அண்ணா, உங்களுக்கு மாமா, எனக்கு எங்க ஊர் மைக்செட் அண்ணன். நான் பெட்டி செய்து முடித்துப் பெருமையாகப் பாட்டுப் போட்டிருந்தேன், பேஸே இல்லை, பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றும் தெரியவில்லை, அறை முழுக்கப் பரவிக் கிடந்தார். ஊஃபர்தான் மட்டம் என்று முடிவு கட்டி வேறு ஊஃபருக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஏணி வாங்கிப் போக வந்தவர் வாசற்படியில் நின்று பத்து விநாடி கேட்டார். உள்ளே வந்து ரெண்டு பெட்டியையும் முகத்துக்கு முகம் ஒட்டி வைத்தார், இருந்த கொஞ்ச பேஸும் காணாமல் போனது. "ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது தம்பி" என்றார். டார்ச்சிலிருந்து ஒரு 1.5 வோல்ட் செல்லை உருவி ஸ்பீக்கர் வயரில் தொட்டார். இடது பெட்டியில் கோன் வெளியே துள்ளியது, வலது பெட்டியில் உள்ளே போனது. உள்ளே ஒரு ஊஃபருக்குப் பிளஸ் மைனஸ் மாற்றி சால்டர் பண்ணியிருக்கிறேன். அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், டீ கூடக் குடிக்கவில்லை. ஒன்று, ட்வீட்டரை இப்படி செல் வைத்துப் பார்க்காதீர்கள், அசைவது கண்ணுக்கும் தெரியாது, பாவம் அது.

ஓசூரிலிருந்து:

தர்மபுரி நண்பருக்கு ரெண்டு கேள்வி. காயிலை எதை வைத்து முடுக்கியிருக்கிறீர்கள்? நடுவில் இரும்பு போல்ட் விட்டிருந்தால் நீங்கள் அளந்த 1.5 இப்போது 1.5 இல்லை. பித்தளை போல்ட் அல்லது வெறும் கேபிள் டை. ஊஃபர் காயிலும் ட்வீட்டர் காயிலும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி படுத்திருந்தால் ஒன்றின் சத்தம் மற்றதில் ஏறும், ஒன்றைப் படுக்க வைத்து இன்னொன்றை நிற்க வைத்துத் தள்ளி வையுங்கள்.

அறை எத்தனை அடி? 10க்கு 12, உயரமும் 10 என்றால் 'தொம்' எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே வேண்டாம், பத்தடி இடைவெளிக்குள் நின்று அதிர்கிற 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் ரெண்டும் சேர்ந்து அதே இடத்தில் அடிக்கும். மெத்தையால் அது ஆகாது, அந்த அலையில் கால்பங்கே ஐந்தடி. நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். போர்ட்டில் பழைய சாக்ஸ் ஒன்றைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

தர்மபுரியிலிருந்து:

ஓசூர் சார், அறை நீங்கள் சொன்ன அதே அளவு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. போல்ட்டும் இரும்புதான். கழற்றாமல் மீட்டரை வைத்தேன், 1.72 காட்டியது. இப்போதைக்குக் கேபிள் டை போட்டிருக்கிறேன். நாற்காலியை மூன்றடி முன்னால் இழுத்ததில் 'தொம்' பாதி குறைந்தது, சாக்ஸுக்கு மீதி. அறை இப்போது நடுவில் நாற்காலி போட்ட சலூன் மாதிரி இருக்கிறது, வீட்டில் பேச்சு வாங்குகிறேன்.

நேற்று மறுபடி அத்தையின் ரெக்கார்டிங்கைப் போட்டேன். மாமாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து "இப்ப எதுக்கு இவ இவ்ளோ கோவமாப் பேசறா?" என்றார். சளி போய்விட்டது, கோபம் மிச்சம். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ட்வீட்டர் இன்னும் தூக்கலாகத்தான் இருக்கிறது, கோட்டிலும் தெரிகிறது. அந்த 3.3ஐ 4.7 ஆக்கினால் ஒன்றரை டெசிபெல் இறங்கும். 10 வாட்டில் 4.7 ஓம் ரெசிஸ்டர் இங்கே நாலு ரோடு பக்கம் கேட்ட இடத்தில் எல்லாம் இல்லை என்கிறார்கள். ஓசூரில் இருந்தால் சொல்லுங்கள் சார், பித்தளை போல்ட்டும் நாலு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.